சுப்புராயன் டாக்டர் லீவு போடமாட்டார்

பாகூர் ரோட்டிலிருந்த அந்த நர்சிங்ஹோமுக்கு மதியம் இரண்டு மணி டியூட்டிக்கு வந்தபோதே டாக்டர் ஹப்சாவுக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம். முதலாளி டாக்டர் அரிகரனிடம் சொன்னாள்.

"ஜுரமா? அதெல்லாம் பேஷண்டுக்கு வர்றதும்மா," என்றார் அவர். "மாத்திரையப் போட்டுக்கினு வார்டுக்குப் போ. அவரப் பாத்துக் கத்துக்க."

அவர் காட்டியது வராந்தாவில் தொங்கிய படத்தை. காலஞ்சென்ற டாக்டர் சுப்புராயன். பிளாஸ்டிக் மாலை. கீழே, 'காய்ச்சலிலும் கடமை தவறாதவர்' என்று பொன்னெழுத்து. ஒரு வாரம் இருமிக்கொண்டே ரவுண்ட்ஸ் போய், டியூட்டி நாற்காலியிலேயே செத்த மகான். அந்த வாரம் அவர் தொட்டுப் பார்த்ததில் மூன்று பேர் பின்னாலேயே போனார்கள். அவர்களுக்குப் படம் கிடையாது. சுவரில் இடமில்லையாம்.

ஹப்சாவும் மாத்திரையை விழுங்கினாள். சோம்பேறி என்று பெயர் வந்துவிடுமே என்று பயந்து, வார்டில் கிடந்த, பிறந்து மூன்றே நாளான குழந்தையைத் தொடப் புறப்பட்டாள். அத்தனை வருடம் படித்த லட்சணம் அது.

மழை இருட்டு. கரண்ட் இல்லை. பினாயில் வாசத்துக்கு அடியில் அழுகிய பூவின் நாற்றம்.

பிளாஸ்டிக் பூ எங்கே அழுகும்?

வார்டுக்குள் யாரோ இருமினார்கள்.

ஈரமான இருமல்.

கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். குழந்தையோடு தாய் விஜயராணி மட்டும்.

"இப்பத்தான் பெரியவரு பாத்துட்டுப் போனாரு மேடம்," என்று கிசுகிசுத்தாள் அவள். "இருமிக்கினே பாத்தாரு. ஒடம்பு முடியாமயும் வராரே, தெய்வம்."

"கொழந்த?"

"இன்னான்னே தெரியல. ஒடம்பு கொதிக்குது. அவரு தொட்ட எடம் மட்டும் ஐஸா கீது."

கதவில் தொங்கிய கேஸ் ஷீட்டில் மை காயவில்லை. முழுப் பெயரில் கையெழுத்து.

சுப்புராயன்.

இன்னும் ஒரு அடி வைத்திருந்தால் ஹப்சாவும் தெய்வமாகியிருப்பாள். பின்வாங்கினாள். நர்ஸ் ருக்குமணியைக் கூப்பிட்டு, வாசலிலிருந்தே சொல்லி, தாயையும் பிள்ளையையும் ஆம்புலன்ஸில் டவுன் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினாள். குழந்தை வீரிட்டது ரோடு வரை கேட்டது. அழட்டும், அழுகிற தெம்பு இருக்கிறது.

"பயந்தாங்கொள்ளி," என்றார் அரிகரன். "வூட்டுக்குப் போய் இழுத்துப் போத்திக்கினு படு. நானே பாத்துக்கறேன்."

சொல்லி முடித்து இருமினார்.

ஈரமான இருமல்.

ஹப்சா வெளியேறும்போது படத்தைப் பார்த்தாள். கண்ணாடியின் உட்புறத்தில் மூச்சு படிந்து கலைந்தது. மறுபடி படிந்தது.

பக்கத்தில், இடமே இல்லாத அந்தச் சுவரில், புதிதாக ஓர் ஆணி.