கோடி பெறும் கீறல்

அந்தக் கீறலின் விலை ஒரு கோடி. விலை வைத்தவர் இப்போது உயிரோடு இல்லை.

"ஒரு சாண் நீளம் சார்," என்று பல் மருத்துவர் மேசையின் மேல் விரலால் வரைந்து காட்டினார். நேராக ஒரு கோடு, முடிவில் தூண்டில் முள் போல ஒரு வளைவு. "கார் வாங்கி நாலாவது நாள். எங்க பொண்ணுக்கு அப்ப ஏழு வயசு. ஸ்கூல் பையோட காரை ஒட்டியே நடந்தா. பை பக்கிள் இடது கதவை இழுத்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் கத்தப்போறார்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவரோ சிரிக்கிறார்! பாலிஷ் போட வந்த ஆளுகிட்ட, 'இதை அழிக்கணும்னா முதல்ல ஒரு கோடி எடுத்து வை, அப்புறம் தொடு'ன்னுட்டார்."

கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரார் தராசு என்பார்கள். இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் நசுங்கிய வண்டிகளுக்கு விலை போட்டவர். இப்போது அந்த வண்டிகளைப் பற்றிப் புளுகுகிறவர்களை எடை போட்டுப் பிழைக்கிறார். பக்கத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய சகலை. உலகத்தில் உள்ள ஸ்போர்ட்ஸ் கார்களின் குதிரைத் திறன் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். சொந்தத்தில் இருப்பது மட்டும் ஒரு பழைய ஸ்கூட்டர்.

"இருநூறு வண்டியோட நிறுத்திட்டாங்களே, அந்த மாடலா?" என்று சகலை வாயைப் பிளந்தார்.

"அதேதான். அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. எனக்கு ஓட்ட ஆசையில்ல. ஷோரூம் முதலாளி கமிஷனுக்கு வித்துத் தர்றேன்னார். ரெண்டரைக் கோடி நிச்சயம்னு சொல்லி வாங்கி வெச்சார்."

அதற்குப் பிறகு நடந்ததை அவர் நோயாளியின் பல் வரலாறு போல வரிசையாகச் சொன்னார். முதல் ஆள் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கோடி இருபது என்று கேட்டான். பிறகு, இடது கதவு இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்தது, விபத்து வண்டி வேண்டாம் என்று கடிதம் எழுதிப் பின்வாங்கினான். மருத்துவருக்குக் கோபம் வந்தது. மூன்று நாள் கழித்துத் தன் செலவில் வெளியிலிருந்து ஒரு பரிசோதகரை அனுப்பினார். அவருடைய கருவியும் அதையே சொன்னது. இடது கதவில் மட்டும் பெயிண்ட் தடிமன் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டாவது ஆள் ஒன்று எண்பத்தைந்துக்கு இறங்கினான். மூன்றாவது ஆள் ஒன்று அறுபது என்றான், அவனும் கழன்றுகொண்டான்.

"இப்ப முதலாளியே பாவம் பார்த்து ஒன்றரைக்கு எடுத்துக்கறாராம். நாளைக்கு நாலு மணி வரைக்கும்தான் கெடு."

"நீங்க காரைப் பார்த்தீங்களா டாக்டரம்மா?"

"போனேன். இடது பக்கத்தைச் சுவத்தோட ஒட்டி நிறுத்தியிருந்தாங்க. எட்டிப் பார்க்க இடமில்ல, கையை மட்டும் உள்ள விட்டேன். பல்லுல முடியளவு விரிசல் இருந்தாலும் என் விரல் சொல்லிடும் சார். அந்த இடம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. கீறலே இல்ல." அவர் குரல் இறங்கியது. "காசு போனா போகட்டும். இந்தக் கார் வாங்கினப்ப எனக்கு சத்தியம் பண்ணினார். பறக்க மாட்டேன், எங்கயாவது இடிச்சா முதல்ல உனக்குத்தான் சொல்வேன்னு. ரிப்போர்ட் வந்த அன்னிக்கு அவர் போட்டோவைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டேன். நாளையோட பத்தொம்பது நாள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தொலைச்சிடலாம்னுதான் இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் எங்கிட்ட பொய் சொன்னாரா?"

தராசு முதல் ஆளின் கடிதத்தையும் பரிசோதகரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளைப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு நாங்களும் வர்றோம்," என்றார். "பரிசோதகரையும் வரச் சொல்லிடறேன். வரும்போது உங்க கருவிப் பை கையில இருக்கட்டும்."

மருத்துவர் போனதும் சகலை துள்ளி எழுந்தார். "பரிசோதகன் காசு வாங்கிட்டான் சகலை! வேற என்ன?"

"நாளைக்குக் காலையில நான் அவனைப் பார்க்கறேன். நீ கார் வாங்கப் போ."

"எந்தக் கார்?"

"அதே கார்தான். உன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கோ. ஸ்கூட்டரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திடு."

பரிசோதகர் ஒல்லியான, கூச்சப்படுகிற மனிதர். சந்தேகப்படுகிறார்கள் என்றதும் கண் கலங்கிவிட்டது. கருவியைத் தராசின் கையிலேயே கொடுத்தார். தராசு அதைத் தன் இரும்பு மேசையிலும் பழைய தகர டப்பாவிலும் வைத்துப் பார்த்தார். சரியாகத்தான் காட்டியது.

"வலது கதவுல ஒன்பது இடம் வெச்சேன் சார். நூத்திப் பதினெட்டுலேர்ந்து நூத்தி இருபத்தஞ்சு மைக்ரான். இடது கதவுலயும் ஒன்பது இடம். இருநூத்தி எண்பத்தெட்டுலேர்ந்து இருநூத்தித் தொண்ணூத்தஞ்சு. இல்லாததை நான் எழுதல."

"கதவை வெளிச்சத்துல பார்த்தீங்களா?"

"காரை நகர்த்தச் சொன்னேன். பேட்டரி செத்துப்போச்சுன்னாங்க. கதவு திறக்கவும் இடமில்ல. சந்துல கையை விட்டு அளந்தேன்." தலையைக் குனிந்துகொண்டார். "நகர்த்தினாத்தான் எழுதுவேன்னு நின்னிருக்கணும். நிக்கல."

"இன்னிக்கு நாலு மணிக்கு வந்து நில்லுங்க," என்றார் தராசு.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சகலை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கழுத்துப் பட்டை கோணியிருந்தது, முகம் ஜொலித்தது.

"சகலை, என்ன வண்டி! சாவியைத் திருப்பினதும் ஒரு உறுமல், எனக்கு முதுகெலும்பு வரைக்கும் சிலிர்த்துப்போச்சு!"

"முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சா?"

"சாவி பட்டதும்! முதலாளியே முன்னால நின்னு காட்டினார். விற்பனையாள் ஓரமா நகத்தைக் கடிச்சுக்கிட்டு நின்னான். ரெண்டு எண்பது சொல்றார். இருநூறோட நிறுத்தின மாடல், வருஷா வருஷம் ஏறுமே தவிர இறங்காதாம். அப்புறம் பார்த்தியா, நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி பணத்தோட வர்றாங்களாம், நான் முந்திக்கணுமாம். சத்தியமா ஒரு நிமிஷம் வீட்டை வித்துடலாமான்னு யோசிச்சுட்டேன்."

"உன் வீடு மாமனாரோடது. அதை விடு. சொன்னதைச் செஞ்சியா?"

சகலை கோட்டின் உள்பையிலிருந்து ஒரு தாளைப் பெருமையாக எடுத்தார். "வீட்டுல அவ நம்பமாட்டா, எழுத்துல குடுங்கன்னேன். என் பெண்டாட்டி பேரைச் சொன்னா எந்த ஆம்பளையும் இரக்கப்படுவான். அவர் கைப்படவே எழுதிக் குடுத்தார்."

தராசு படித்தார். நான்கு வரி, அடியில் கையெழுத்தும் முத்திரையும். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "வேற என்ன பார்த்தே?"

"கழிப்பறைக்குப் போனேன். சோப்புத் தண்ணி அடிக்கிற பாட்டில் ஒண்ணு, பலகை மாதிரி ஒரு ரப்பர் வழிப்பான். ஜன்னல் துடைக்கறதுக்கா இருக்கும். ஆனா ஜன்னல்ல என் பேரை எழுதலாம், அவ்வளவு தூசி."

அப்போதுதான் தராசு சிரித்தார். "சகலை, உன் வீட்டுல தலை காய வைக்கிற மெஷின் இருக்குல்ல? அதை எடுத்துக்கிட்டு வா."

நான்கு மணிக்கு ஷோரூமில் காபி, மெத்தை நாற்காலி, மேசையில் தயாராக ஒப்பந்தம், அதன்மேல் மூடி கழற்றிய பேனா. முதலாளி குழைவான குரலில் மருத்துவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கார்ங்கிறது ஐஸ் கட்டி மேடம். ஷோரூம் வாசலைத் தாண்டினாலே அஞ்சுல ஒரு பங்கு கரைஞ்சிடும், மூணு வருஷத்துல பாதி. அதுலயும் விபத்து வண்டின்னா சொல்லவே வேணாம். உங்க வீட்டுக்காரர் மேல உள்ள மரியாதைக்காகத்தான் நான் ஒன்றரை..."

அப்போது தராசு உள்ளே வந்தார், பின்னால் பரிசோதகர். கடைசியாகச் சகலை, கையில் தலை காய வைக்கும் கருவியோடு. காலையில் வந்த கோடீஸ்வரரைக் கண்டதும் முதலாளியின் வாய் பாதியில் நின்றது.

"நீங்க சொன்னது சாதாரண காருக்குச் சரி," என்று தராசு உட்கார்ந்தார். "இருநூறோட நிறுத்தினது கரையாது. அதைக் கரைக்கணும்னா யாராவது சூடு வைக்கணும். சகலை, காரை வெளிச்சத்துக்குக் கொண்டு வா."

"பேட்டரி..." என்றார் முதலாளி.

"பரிசோதகருக்குச் செத்த பேட்டரி என் சகலைக்கு உயிரோட இருந்துச்சே."

காரிலேயே தொங்கிய சாவியைச் சகலை திருப்பினார். உறுமல் எழுந்தது. கார் சுவரை விட்டு நகர்ந்து, கண்ணாடிக் கதவருகே வெயிலில் வந்து நின்றது. மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

இடது கதவில், ஒரு சாண் நீளத்தில், மங்கலாக ஒரு கோடு. முடிவில் தூண்டில் வளைவு.

விரலை வைத்தார். வழவழப்பு. "கண்ணுக்குத் தெரியுது," என்றார் மெல்ல, "கைக்குத் தெரியல."

"பல்லுக்கு உறை போட்டா என்ன ஆகும் டாக்டரம்மா?"

அவர் தராசைத் திரும்பிப் பார்த்தார். "விரிசல் உள்ள இருக்கும். மேல வழவழன்னு..."

"மறுபடி பெயிண்ட் அடிச்சிருந்தா இந்தக் கீறல் போயே போயிருக்கும். அது இருக்கு. அப்ப இது மேல போர்த்தினது. கல் தெறிச்சா கீறாம இருக்கக் கார் மேல ஒட்டற கண்ணாடி மாதிரிப் படலம். சோப்புத் தண்ணி அடிச்சு, ரப்பரால வழிச்சு ஒட்டறது." அவர் பரிசோதகர் பக்கம் திரும்பினார். "உங்க கருவி பொய் சொல்லல. அது உலோகத்துக்கும் தனக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு மட்டும்தான் சொல்லும். நடுவுல இருக்கறது என்னன்னு அதுக்குத் தெரியாது. ஆனா உங்க எண்ணைக் கேட்டப்பவே எனக்குப் பொறி தட்டுச்சு. வலது கதவுல அதிகத்துக்கும் குறைச்சலுக்கும் ஏழு வித்தியாசம். இடதுலயும் அதே ஏழு. மொத்தத்துல நூத்தி எழுபது கூட. இடிச்ச கதவை நிமிர்த்தி, பட்டி வெச்சுப் பெயிண்ட் அடிச்சா ஒரு இடத்துல மேடு, ஒரு இடத்துல பள்ளமா எண் எகிறும். இவ்வளவு சமமா மனுஷன் கை அடிக்காது. இது மெஷின்ல செஞ்ச படலம்."

சகலை கதவின் ஓரத்தில் சூடான காற்றை அடித்தார். மருத்துவர் கருவிப் பையைத் திறந்து, கொக்கி முனை உள்ள கம்பியை எடுத்தார். பல் இடுக்கில் நுழைப்பது போலப் படலத்தின் மூலையை அலுங்காமல் நெம்பினார். சர்ரென்று மெல்லிய ஓசையோடு அது உரிந்து வந்தது. பரிசோதகர் தன் கருவியை வைத்தார். நூற்று இருபத்தொன்று.

மருத்துவர் மறுபடி விரலை வைத்தார். நகம் கீறலில் தட்டியது. வளைவு வரைக்கும் மெல்ல ஓட்டிச் சென்று அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

முதலாளி கைகளை விரித்தார். "கடவுளே! எனக்கு எதுவுமே தெரியாது. டேய், நீதானே இதெல்லாம் பார்த்துக்கறே?"

விற்பனையாள் வெளுத்துப்போனான். "சார், நீங்க ஒட்டச் சொல்லித்தானே..."

"வேலைக்காரன் தலையில கட்டாதீங்க," என்றார் தராசு. "முதல் ஆள் படத்தை மட்டும்தான் பார்த்தான்னு டாக்டரம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்க. கருவி வைக்கறதுக்கு மூணு நாள் முன்னாடியே இடது கதவுன்னு எழுதறான். படத்துல தடிமன் தெரியுமா? கதவுல இருக்கற தடிமன், ஒட்டினவங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? அந்த மூணு பேர்ல ஒருத்தனையாவது இப்ப போன்ல கூப்பிடுங்க, பேசறேன். வரமாட்டான். விலையைப் படிப்படியா இறக்கி, டாக்டரம்மாவுக்குப் பழக்கப்படுத்தறதுக்காக நீங்க பெத்த பிள்ளைங்க அவங்க."

"வியாபாரத்துல இதெல்லாம்..."

"கடைசியா இது." முதலாளி காலையில் எழுதிக் கொடுத்த தாளைத் தராசு ஒப்பந்தத்தின் மேல் வைத்தார். "உங்க கையெழுத்து. 'ஒரிஜினல் பெயிண்ட். விபத்து கிடையாது. விலை இரண்டு கோடி எண்பது லட்சம்.' வாங்க வந்தவனுக்குக் காலையில கன்னி கழியாத வண்டி. விக்க வந்தவங்களுக்குச் சாயங்காலம் விபத்து வண்டி. நடுவுல உள்ள ஒரு கோடி முப்பது லட்சம் உங்க மரியாதைக்கா?"

முதலாளி கடைசியாக ஒரு முறை பேரத்துக்கு இறங்கினார். "சரி, ரெண்டரை. இப்பவே. யாருக்கும் தெரிய வேணாம்."

"தெரிஞ்சாச்சு. கடிதம், ரிப்போர்ட், இந்தத் தாள், எல்லாத்துக்கும் நகல் மத்தியானமே காவல் நிலையத்துக்குப் போயாச்சு."

மருத்துவர் காருக்குள் ஏறினார். எட்டு மாதமாகத் தொடாத ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார்.

"விக்கலியா மேடம்?" என்றார் சகலை, தாங்க முடியாத ஏக்கத்தோடு.

"இன்னிக்கு இல்ல. உங்க ஃபீஸ் எவ்வளவு சார்? இங்கேயே முடிச்சிடலாம்."

தராசு அந்த ஒன்றரைக் கோடி ஒப்பந்தத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். மருத்துவர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் பேனாவை எடுத்து, அடியில் இரண்டு வரி சேர்த்துத் திருப்பிக் காட்டினார். சகலை தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

துப்பறிந்த கூலி, இரண்டு நாள்: பதினெட்டாயிரம். தரப்பட்டது.
கோட்டு சலவை, சகலைக்கு: இருநூறு. தரப்பட்டது.
கீறல், அவர் போட்ட விலைப்படி: ஒரு கோடி. குறையவில்லை.
அவரைச் சந்தேகப்பட்டது, பத்தொன்பது நாள்: பாக்கி.