மூக்கு நுனியில் கண்ணாடி

ரஃபீக் அங்கிளின் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஸ்ரீரஞ்சனிக்குத் திக்கென்றது. களிமண்ணில் செய்த மார்பளவுச் சிலை ஒன்று அவளை முறைத்தது. அதுதான் விசாலாக்ஷி மாமி என்றார்கள். அவளுக்கோ பரீட்சை ஹாலில் கண்காணிக்கிற டீச்சர் யாரோ நிற்பது போல இருந்தது.

மாமி போன வருடம் இறந்துபோனார். மராத்தி பேசும் ஊரான நிக்டியில் ஸ்ரீரஞ்சனியின் காலனிக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததும் பூங்கா வந்ததும் அவரால்தான். அந்தப் பூங்காவிலேயே அவருக்கு வெண்கலச் சிலை வைக்கக் காலனியில் முடிவு செய்தார்கள். ஏரவாடாவில் இருக்கும் வேலூர்க்காரச் சிற்பி ரஃபீக் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார்.

மறுநாள் அச்சு எடுக்க வேண்டும். அதன்பிறகு முகத்தை மாற்ற முடியாது. அதனால்தான் எல்லோரையும் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

காலனித் தலைவர் கல்யாணசுந்தரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புடவை மடிப்பைப் புகழ்ந்தார். ஸ்ரீரஞ்சனியின் அம்மா சுப்ரஜா தோட்டைப் புகழ்ந்தாள். முகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் பாடுபட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது?

மாமியின் கணவர் ஸ்வாமிநாதன் மாமா சிலையை ஒரே ஒரு தடவை பார்த்தார். "நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். ஸ்ரீரஞ்சனிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தப் பூங்காவில் தினமும் நடக்கிறவர் அவர்தான்.

சொன்னால் அங்கிளுக்கு வருத்தம். சொல்லாவிட்டால் மாமாவுக்கு வருத்தம். அவள் ரஃபீக்கின் அருகே போனாள்.

"அங்கிள், நீங்க மாமியைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. இந்த ஒரு போட்டோதான் கிடைச்சுது."

அது அடையாள அட்டைக்கு எடுத்த படம். அதில் யார்தான் சிரித்திருக்கிறார்கள்?

"அப்போ நான் காட்டறேன். உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."

கண்ணாடியைப் போட்டு மூக்கு நுனிவரை இறக்கினாள். அதற்கு மேலாக ரஃபீக்கைப் பார்த்தாள். "சாஹேப், அவசரமே இல்லை. மெதுவா கையெழுத்துப் போடுங்கோ. நான் டிபன் கொண்டுவந்திருக்கேன்."

சுப்ரஜா குபீரென்று சிரித்துவிட்டாள். தண்ணீர் அதிகாரி எதிரில் மாமி மூன்று நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், நாலாம் நாள் குழாய் வந்துவிட்டது என்று ரஃபீக்கிடம் சொன்னாள். புருவம் இன்னும் உயர வேண்டும் என்று கல்யாணசுந்தரம் தன் பெரிய மீசையோடு மாமியாகவே மாறி நடித்துக் காட்டினார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சத்தம் கேட்டு மாமா உள்ளே வந்தார்.

"உதட்டுல சிரிப்பு இருக்காது. கன்னத்துல மட்டும்தான் இருக்கும்" என்றார்.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று ரஃபீக் சிரித்துக்கொண்டே கை நிறையக் களிமண்ணை எடுத்தார். அச்சு வேலை ஒரு வாரம் தள்ளிப்போனது. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

திறப்பு விழா அன்று திரையை விலக்கியதும், "அரே, நம்ம காகூ" என்று, மாமியைத் தாங்கள் கூப்பிடும் பேரைச் சொல்லி மராத்திப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லோருக்கும் பேடா கொடுத்தார்கள்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து இரண்டாவது பேடாவை வாயருகே கொண்டுபோனவர், தற்செயலாக நிமிர்ந்தார். கண்ணாடிக்கு மேலாக மாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா பேடாவை ஸ்ரீரஞ்சனியின் கையில் வைத்தார். "நீயே சாப்பிடும்மா. அவ பாத்துண்டிருக்கா" என்று சொல்லி, வாய்விட்டுச் சிரித்தார்.