முதல் வரியில் மோட்டார்

குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மழை பிடித்துக்கொண்டது. பூவிழி பையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு நடந்தாள். இரண்டு பக்கமும் சம்பா நடவு முடிந்து தண்ணீர் நின்றது. சேறும் இளம்பயிரும் கலந்து மணத்தன. வயலின் நடுவே மோட்டார் கொட்டகை தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அங்கே இப்போது ஒன்றுமில்லை. அண்ணன் முருகையன் அதனுள்ளே ஷாக்கடித்துச் செத்த பிறகு கரண்ட் கம்பியை இறக்கிவிட்டார்கள். மோட்டாரையும் கழற்றி விற்றாயிற்று. நான்கு சுவரும் ஓட்டைக் கூரையும்தான் மிச்சம்.

நாளைக்கு அவனுக்கு வருஷத் திவசம்.

வாசலில் அண்ணி எழில்மொழி துண்டோடு நின்றாள். "நல்லா நனைஞ்சுட்டியே பூவு. தலையைத் துவட்டு, காப்பி போடுறேன்."

உள்ளறைக் கட்டிலிலிருந்து அம்மா மங்களாம்பிகையின் குரல் வந்தது. "காப்பி போடட்டும். அடுப்பை அணைக்க ஞாபகம் இருக்கான்னு கேளு. அணைக்க மறக்கிறதுதானே அவளுக்குக் கைவந்த வேலை."

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டாள். பழகிப்போயிருந்தது.

நாளை காரியம் முடிந்ததும் அண்ணியின் அப்பா திருவிடைமருதூரிலிருந்து வந்து மகளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அண்ணிக்குப் போக மனமில்லை. வெளியே நிற்கிற நடவு அவள் நட்டது. அம்மாதான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: "என் புள்ளையக் கொன்னவ முகத்துல இனிமே முழிக்க மாட்டேன்."

அந்த வீட்டில் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் போனில்தான். மெயின் சுவிட்சின் கைப்பிடி உடைந்து வெகுநாளாகியிருந்தது. சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. போனில் 'ஆட்டோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அது போட்டபடி இருந்தால், மும்முனைக் கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். அன்றைக்கு அண்ணன் தீய்ந்த ஒயரை மாற்றப் போயிருந்தான். ஆட்டோவை யாரும் நிறுத்தவில்லை. கரண்ட் வந்துவிட்டது.

போன் அண்ணியுடையது. பழியும் அவளுக்கே ஆயிற்று.

அந்த நேரத்தில் போன் யார் கையில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பூவிழியும் சொல்லவில்லை.

அந்தப் போனில் அவள் விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து எழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. எழுத்து சரியான கட்டத்தில் விழுந்தால் பச்சை, சொல்லில் இருந்தும் இடம் தவறினால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். நாளுக்கு ஒரு சொல். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அண்ணனும் அவளும் சேர்ந்து ஆடுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்த ஐந்தெழுத்துச் சொற்கள் எல்லாம் மோட்டார் பெட்டியின் மேல் அச்சடித்தவை. முதல் வரி எப்போதும் அவனுடையது. அதில் எப்போதும் 'மோட்டார்' என்றே போடுவான்.

"ரெண்டு ஓ வருதுண்ணா. ஒரு கட்டம் வீணாப் போகுது."

"போகட்டும் போ. சோறு போடுறது உன் இங்கிலீஷா, அதுவா? முதல் மரியாதை அதுக்குத்தான்."

காப்பி குடித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்து வீட்டில் விளக்குகள் அணைந்தன. மழைக்குக் கரண்ட் போவது வழக்கந்தான். அண்ணி போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"உனக்கு ஒண்ணு காட்டணும் பூவு. உன் விளையாட்டை நான் தொடுறதே இல்ல. ஆனா தினம் திறந்து பார்த்தா முதல் வரி நிரம்பியிருக்கு."

திரையில் ஐந்து கட்டங்கள்.

மோட்டார்.

"பழசு அப்படியே நிக்குதோ என்னவோ, அண்ணி."

"பழசுன்னா தினம் கலர் ஏன்டி மாறுது? நேத்து கடைசி எழுத்து பச்சையா இருந்துச்சு. இன்னிக்கு எல்லாம் சாம்பல்."

பூவிழியின் கழுத்தில் ஈரத்துண்டு குளிர்ந்தது.

"அன்னிக்கு நான் கொல்லையில பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள் அண்ணி. "போறப்ப ஆட்டோவை நிறுத்தச் சொன்னாரோ, என் காதுலதான் விழலையோன்னு தினம் நினைச்சுப் பார்க்கிறேன். உனக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லண்ணி."

இரண்டாவது வரியில் ஓர் எழுத்து விழுந்தது.

இருவர் கையும் மடியில்தான் இருந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றாக, ஆங்கிலம் சரளமாக வராத ஒருவன் தேடித்தேடி அழுத்துவதுபோல் வந்தன.

ஃபேஸ்.

"நீ கூடத்துலதானே இருந்தே?" அண்ணி கேட்டாள்.

"தூங்கிட்டேன்."

பவர்.

கூடத்தில் ரப்பர் கருகும் வாடை எழுந்தது. அந்த வாடை பூவிழிக்குத் தெரியும். அன்றைக்கு அண்ணனைத் தூக்கி வந்து இதே இடத்தில்தான் கிடத்தினார்கள்.

"என்ன அங்க குசுகுசுப்பு?" அம்மா இருமினாள். "பூவிழி, அவ துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டாளான்னு பாரு. அவ அப்பன் வந்தா காத்துக்கிட்டு நிக்கக் கூடாது."

பூவிழி வாயைத் திறந்தாள். திரும்ப மூடிக்கொண்டாள்.

வாட்டர்.

அதற்கடியில், அவள் மூச்சு விடுவதற்குள், இன்னொன்று.

ஸ்டார்ட்.

வயல் பக்கம் மோட்டார் ஓடத் தொடங்கியது.

முதலில் கனத்த உறுமல். பிறகு குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம். மோட்டார் இல்லாத, கம்பி இல்லாத கொட்டகை. கரண்டே இல்லாத ஊர்.

திரையில் ஆறாவது வரி காலியாக இருந்தது.

அன்றைக்கும் அவளுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. அண்ணன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நிலைப்படியில் நின்றான். "பூவு, ஆட்டோவை ஆஃப் பண்ணிடு. ஒயர் மாத்தப் போறேன்."

"ம்."

தலையை நிமிர்த்தவில்லை. அவன் கொஞ்சம் நின்றான். இவள் பார்ப்பாள் என்று நின்றிருக்க வேண்டும். பிறகு செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போயிற்று.

பூவிழி எழுந்தாள். உள்ளறை வாசலில் போய் நின்று, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அண்ணன் என்கிட்டதான் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாரு. போன் என் கையிலதான் இருந்துச்சு. நான் 'ம்'னு சொல்லிட்டு விளையாடிக்கிட்டே இருந்துட்டேன். அண்ணிக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

கட்டில் கிரீச்சிட்டது. அதற்கப்புறம் வயலில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும்.

அண்ணி அழவில்லை, திட்டவில்லை. இருட்டில் வந்து போனை நீட்டினாள்.

"அப்ப நிறுத்தலேல்ல?"

"இல்லண்ணி."

"இப்ப நிறுத்து."

விளையாட்டு போய், மோட்டாரின் பொத்தான்கள் திரையில் இருந்தன. ஆட்டோ பச்சையாக எரிந்தது. பூவிழி விரலை வைத்து அழுத்தினாள்.

மோட்டார் நின்றது. தண்ணீர்ச் சத்தம் மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, அடங்கியது.

சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். மகளைப் பார்க்கவில்லை. அண்ணி நின்ற பக்கம் கையை நீட்டி, இந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எழிலு..."

மழை விட்டிருந்தது. தவளைகூடக் கத்தவில்லை.

நிலைப்படிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு அங்கிருந்தே பழகிய ஒரு குரல்.

"ம்."