ஒரே ஒரு நாற்காலி

காலை எட்டேகால். போலீஸ் ஸ்டேஷனில் ஃபோன் அலறியது.

"சார்... ட்யூஷன் சென்டர் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். எங்க டைரக்டர் செத்துக் கிடக்கார். பக்கத்துல கெமிஸ்ட்ரி மிஸ் தூங்கறாங்க."

இன்ஸ்பெக்டர் ரிசீவரை ஒரு முறை முறைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

போய்ப் பார்த்தால் சொன்னது அத்தனையும் நிஜம்!

மேஜைக்குப் பின்னால் டைரக்டர் குப்புறக் கிடந்தார். மண்டை பிளந்திருந்தது. பிளந்தது 'சிறந்த நிர்வாகி' என்று அவருக்குக் கொடுத்த வெண்கலக் கேடயம். யாரோ அதைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

அவருடைய சுழல் நாற்காலியில் கெமிஸ்ட்ரி மிஸ். ஏழு மாத வயிறு. காலை நீட்டி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பினார்கள். உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் ரக நாற்காலி அது. இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி ஊன்றித்தான் அவளால் எழ முடிந்தது.

"நீங்கதான் கொன்னீங்களா?"

"இல்ல சார். நான் வர்றப்பவே செத்திருந்தார்."

"பார்த்துட்டு என்ன செஞ்சீங்க?"

"கையெழுத்துப் போட்டேன் சார். எட்டு மணிக்குள்ள போடலைன்னா அரை நாள் லீவு."

வருகைப் பதிவேடு மேஜைமேல் இருந்தது. அவளுக்கு முன்பே ஒன்பது கையெழுத்துகள்... எல்லாம் பிணத்தைத் தாண்டிப் போட்டவை!

"அப்புறம் உட்கார்ந்தேன். உட்கார்ந்து ஒரு வருஷம் ஆச்சு சார்."

அந்தக் கட்டடத்தில் ஆசிரியர்களுக்கு நாற்காலி கிடையாது. போன வருடம் ஒரே நாளில் அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். உட்கார்ந்து நடத்தினால் பாடம் தூங்கிவிடுமாம். போன வாரம் இவள் ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, "உனக்கா, வயித்துல இருக்கறதுக்கா?" என்று வகுப்பின் நடுவே கேட்டுச் சிரித்தார் டைரக்டர். நாசமாய்ப் போவாய் என்று இவளும் அங்கேயே சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் அறுபது மாணவர்கள்.

இன்ஸ்பெக்டருக்கு வேறென்ன வேண்டும்? ஜீப்பில் ஏறச் சொன்னார். பிள்ளையை ஜெயிலிலா பெறுவது என்று அவள் கேட்டாள்.

மேத்ஸ் சார் கையைத் தூக்கினார். "நானும் உட்கார்ந்தேன் சார். ஒரு மூணு நிமிஷம்."

அடுத்து ஃபிசிக்ஸ் சார். அடுத்து இங்கிலீஷ் மிஸ். இப்படியே கெமிஸ்ட்ரி மிஸ்ஸையும் சேர்த்து ஒன்பது ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வந்து, பிணத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். அழவும் இல்லை, ஆளைக் கூப்பிடவும் இல்லை!

பத்தாவதாக முன்னால் வந்தவள் வைஸ் பிரின்சிபால். எல்லோருக்கும் 'அக்கா'. டைரக்டர் திட்டுவார், அக்கா கண்ணைத் துடைத்துவிடுவாள். அவர் நிற்க வைத்த கால்களுக்குத் தைலம் வாங்கி வந்தவளும் அவள்தான்.

"நானும்தான் சார் உட்கார்ந்தேன்," என்றாள் அக்கா. "பிடிக்கணும்னா எங்க பத்து பேரையும் பிடிங்க."

ஆசிரியர்கள் அழுதே விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் பத்துப் பேரின் கைரேகைகளையும் எடுத்துக்கொண்டார். மதியம் ரிப்போர்ட் வந்தது. எல்லோரையும் டைரக்டர் அறையில் கூட்டினார்.

"கைப்பிடியில டைரக்டர் ரேகையைத் தவிர ஒன்பது பேரோடது இருக்கு. அக்கா... உங்களோடது மட்டும் இல்ல. கைப்பிடியைப் பிடிக்காம இந்த சேர்லேர்ந்து எப்படி எழுந்தீங்க?"

அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள்.

"பயமில்லாதவங்க எல்லாரும் தைரியமா தொட்டிருக்காங்க. ஒருத்தர் மட்டும் எதையும் தொடாம ஜாக்கிரதையா இருந்திருக்கார். வாயில மட்டும் அந்த ஜாக்கிரதை இல்ல, உட்காராமலே உட்கார்ந்தேன்னு சொல்லிட்டார்."

கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி, டைரக்டர் கடைசியாக அடித்து வைத்திருந்த சுற்றறிக்கையைப் படித்தார். நாளை முதல் வகுப்புகளில் மறுபடியும் நாற்காலி போடப்படும். அவற்றை எடுக்கச் சொல்லி சென்ற ஆண்டு வைஸ் பிரின்சிபால் கொடுத்த யோசனை இத்துடன் கைவிடப்படுகிறது.

கெமிஸ்ட்ரி மிஸ் தன் வீங்கிய கால்களைப் பார்த்தாள். பிறகு தைலம் வாங்கி வந்தவளைப் பார்த்தாள்.

"காலைல என்கிட்டதான் முதல்ல காட்டினார்," என்றாள் அக்கா, நிதானமாக. "நாற்காலி வந்துட்டா என்கிட்ட யார் சார் வந்து அழுவாங்க?"

அவள் ஜீப்பில் ஏறியபோது ஒருவர்கூட வாசல் வரை வரவில்லை.

மூன்றாம் நாள் புது டைரக்டர் வந்தாள். செத்தவரின் மனைவி. தேன் ஒழுகும் குரல். இனி எல்லோரும் ஒரே குடும்பம் என்றாள். நாற்காலிகள் வந்திருக்குமோ என்று ஆசிரியர்கள் ஆசையாக அறையை எட்டிப் பார்த்தார்கள். சுழல் நாற்காலியையும் காணோம்!

"அந்த ஒரு சேராலதானே இவ்வளவும்? தூக்கிப் போடச் சொல்லிட்டேன். இனிமே நானும் உங்களோட நிக்கறேன். அப்புறம்... கொலை நடந்த அன்னிக்கு போலீஸ் வந்தப்புறம் யாருமே கிளாஸ் எடுக்கலை. எல்லாருக்கும் அரை நாள் லீவு."

பத்து நிமிடம் கழித்து ஸ்டேஷனில் ஃபோன் அடித்தது.

"சார், நான் கெமிஸ்ட்ரி மிஸ். என்கிட்ட இன்னும் ஏதாவது விசாரிக்கணுமா?"

"இல்லம்மா. கேஸ் முடிஞ்சுது. ஏன்?"

"கொஞ்சம் சந்தேகப்பட்டுக் கூப்பிடுங்க சார்... உங்க ஸ்டேஷன்ல சேர் இருக்கு."