கிட்டாரின் தலையெழுத்து

துறைமுகத்துப் பழைய கிடங்கில் இருந்த பட்டறையின் பூட்டு உறைந்து போயிருந்தது. ஹெல்மி வாயால் ஊதிச் சூடேற்றித்தான் திறக்க முடிந்தது. புருஷன் தைஸ்தோவைக் கோடையில் புதைத்த பிறகு அவள் பட்டறைக்குள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே மரத்தூளும் பசையும் அவனுடைய பைப் புகையிலையும் கலந்த வாடை. இத்தனை மாதம் ஆளில்லாமல் கிடந்த இடத்தில் புகையிலை மட்டும் எப்படி இப்போது ஊதியது போல வீசுகிறது என்று அவள் யோசிக்கவில்லை. ஜன்னலைத் திறந்தாள். கொத்கா ஊரின் டிசம்பர்க் கடல்காற்று பல்லைக் கிட்ட வைத்தது. வாடை போகவில்லை.

‘தைஸ்தோ’ என்று தலையில் பெயர் பதித்த பேஸ் கிட்டார் என்றால் பின்லாந்துப் பாட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதன் கழுத்தைச் சீவியவள், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்புக்குத் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பி சுற்றியவள், கடைசியில் அவன் பெயரைச் சிப்பியில் வெட்டிப் பதித்தவள் எல்லாம் ஹெல்மிதான். “வீட்டுக்காரி பேரு எதுக்கு? அவதான் வீட்டுக்குள்ள இருக்காளே!” என்று தைஸ்தோ வந்தவர்களிடம் சிரிப்பான். வந்தவர்களும் சிரித்து வைப்பார்கள். ஹெல்மி மட்டும் சிரித்ததே இல்லை.

இப்போது ரைசா ஒரு பேஸ் கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதி. வாரம் முழுக்கக் கப்பல் பட்டறையில் வெல்டிங், சனிக்கிழமை மேடையில் வாசிப்பு. சில வாரத்தில் பேஸ் தயாராகிவிட்டது. வருகிற சனிக்கிழமை, முதல் முறையாக, ஹெல்மியின் பெயர் மேடையேறப் போகிறது. ஹெல்மி என்றால் அவர்கள் பாஷையில் முத்து. முத்துச்சிப்பியிலேயே எழுத்துகளை அறுத்துப் பேஸின் தலையில் பதித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் எழுத்துகள் மேஜைமேல் கிடந்தன.

“குளிருக்குப் பசை பிடிக்கல” என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள். மறுபடி ஒட்டினாள். மறுநாளும் பெயர்ந்து கிடந்தன. பசை விட்டிருந்தால் தரையில் சிதறியிருக்க வேண்டும். இவை குப்புறக் கவிழ்த்து ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. பதித்த பள்ளத்தின் ஓரத்தில் உளி நுனி நெம்பிய தடம்.

அவளுக்குள் பாதி பயம், பாதி ஆத்திரம். உட்கார்ந்து பள்ளத்தை இன்னும் ஆழமாக்கி மூன்றாம் முறை பதித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு ஏலக்காய் ரொட்டியோடு ரைசா வந்தாள். அதற்குள் வெளியே கும்மிருட்டு. அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கே ராத்திரிதான்.

“என்னடி, ஐஸ் பெட்டிக்குள்ள குடித்தனமா? அடுப்பு எரியுதா இல்லையா?”

“எரியுது. வாய மூடிட்டு வாசிச்சுப் பாரு.”

ரைசா வாசித்தாள். தரைப்பலகை அதிர்ந்தது. “அடிப்பாவி, இவ்வளவு நாள் எங்கடி ஒளிச்சு வச்சிருந்த!” என்று கத்திவிட்டு, பேஸை மூலையில் இருந்த தாங்கியில் நிறுத்திக் காப்பிக்கு வந்தாள். ஆம்ப்ளிஃபையர் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டிருந்தது.

“இந்த இரைச்சல் மேடையில மானத்த வாங்குமே?”

“இந்த மாதிரி பிக்கப் அப்படித்தான் இரையும். நீ கம்பியத் தொட்டா அடங்கிரும். ஆளு கை பட்டா அதுக்குப் போதும்.”

இரைச்சல் அடங்கியது.

இருவரும் அடுப்போரம் நின்றார்கள், கையில் கோப்பையோடு. பேஸ் அந்தக் கோடியில், தனியாக.

“ஒயரு கழண்டிருச்சா?” ரைசாவின் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது.

ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“இல்ல.”

“அப்ப யாருடி தொடுறது?”

புகையிலை வாடை தொண்டையை அடைத்தது.

டக்.

பேஸின் தலையிலிருந்து ஒரு எழுத்து தரையில் விழுந்தது.

“ஹெல்மி, வேணாம்டி. அவன் பேரையே போட்டுக் குடுத்துரு. எனக்கு எந்தப் பேரா இருந்தா என்ன?”

“எனக்கு வேணும்.”

ஹெல்மி நேராகப் போய்ப் பேஸின் கழுத்தைப் பிடித்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கைக்கு அடியில் சில்லென்று, காய்ப்பு ஏறிய விரல்கள். அவள் பதினெட்டு வயதில் பிடித்த அதே கை.

“கைய எடு.”

டக். இன்னொரு எழுத்து.

பயம் அந்த நொடியில் அவளை விட்டுப் போனது. சுவரில் தைஸ்தோவின் கடைசி பேஸ் தொங்கியது. அதை இறக்கி மேஜையில் கிடத்தினாள். உளியை எடுத்து அவன் பெயரின் முதல் எழுத்துக்கு அடியில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள்.

சிப்பி தெறித்தது. விளக்கு மங்கியது. அலமாரியில் இருந்த டப்பாக்கள் கிடுகிடுத்தன. ரைசா கதவுப் பக்கம் ஓடி நின்றாள்.

“ஆட்டு, நல்லா ஆட்டு!” ஹெல்மி உளியை அடுத்த எழுத்தில் வைத்தாள். “இது உன் தலையெழுத்து தைஸ்தோ. எழுதினவ நான். எனக்கு அழிக்கவும் தெரியும். நீ ஒண்ணு பேத்தா நான் ஒண்ணு பேத்து எடுப்பேன். ஊர்ல உன் பேரு போட்ட பேஸு எது கெட்டுப்போனாலும் பழுது பாக்க என்கிட்டதான் வந்தாகணும். ஒண்ணுல கூட உன் பேர விட்டு வைக்க மாட்டேன், பாத்துக்க!”

டப்பாக்கள் ஓய்ந்தன.

அவள் சுத்தியலை ஓங்கியபடியே நின்றாள்.

ம்ம்ம்...

“கைய எடுத்துட்டான்” என்றாள் ரைசா. சொல்லிவிட்டு அழுதாள்.

அன்றே ஹெல்மி அந்த இரண்டு எழுத்துகளையும் திரும்பப் பதித்தாள். சனிக்கிழமை இரவு கூட்டத்தின் நடுவில் நின்று, மேடை வெளிச்சத்தில் தன் பெயர் மின்னுவதைக் கண்ணாரப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருவன், “யாரு இந்த ஹெல்மி?” என்றான். “நான்தான்” என்றாள். சொல்லும்போது மனசு குளிர்ந்தது.

திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தாள். அடுத்த பேஸுக்கென்று அவள் மேஜை இடுக்கியில் மாட்டிவிட்டுப் போன மேப்பிள் மரக்கட்டை, பாதி செதுக்கிய கழுத்தாக இருந்தது. கீழே சுருள் சுருளாக மரச்சீவல், இன்னும் ஈரவாசனையோடு.

ஹெல்மி கையுறையைக் கழற்றினாள். பிறகு கட்டைவிரலால் கழுத்தை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

“தடிமனா இருக்கு” என்றாள் காலி அறையைப் பார்த்து. “இதெல்லாம் கைக்கு அடங்காது. இன்னும் சீவு. இங்க இருக்கணும்னா வேலை செய். தலையில என் பேருதான் போடுவேன்.”

காப்பித்தூள் தீர்ந்திருந்தது. வாங்கி வரலாம் என்று வெளியே வந்து கதவைப் பூட்டினாள். படியில் நின்று கையுறையை மாட்டும்போது உள்ளே சீவுளி மரத்தில் இறங்கும் சத்தம் கேட்டது, மெதுவாக, முதலாளிக்குப் பயந்த ஆள் வேலை செய்கிற மாதிரி.