சூப் மருந்தாகுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வாசல் மணி அலறியது. சீனாவின் ஃபோஷான் நகரத்திலேயே இப்படி மணியடிக்க ஒரே ஆள்தான் உண்டு. லாய்குவானின் நாத்தனார் சுக்யீ! ஒரு கையில் பெரிய சூப் ஃபிளாஸ்க். இன்னொரு கை, உள்ளே வந்ததும் மேஜைமேல் தூசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க.

"அம்மாவுக்கு ஏதாச்சும் குடுத்தியா, இல்ல இன்னும் பட்டினியா?"

"கஞ்சி குடிச்சாச்சு அக்கா. மாத்திரையும் போட்டாச்சு."

மாமியாரின் இதயத்தில் செயற்கை வால்வு வைத்து நான்கு மாதம் ஆகிறது. ரத்தம் கட்டிப்போகாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதை வேளை தவறாமல் கொடுப்பதற்காகவே, டைல்ஸ் கம்பெனியில் பதினோரு வருடம் பார்த்த சூப்பர்வைசர் வேலையை லாய்குவான் விட்டாள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாரம் ஒருநாள் வரும் மகளின் சூப்பைப் பற்றித்தான் மாடிக்கு மாடி பேச்சு. அதில் என்ன போடுகிறாள் என்று ஒருமுறை கேட்டதற்கு, "அது எங்கம்மா மகளுக்குன்னு சொல்லிக் குடுத்தது" என்று பதில் வந்தது. சரி, சொல்லாவிட்டால் போகட்டும். புதன்கிழமை வரை அதைச் சூடாக்கிக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டுவது மட்டும் மருமகள்!

அம்மாவுக்குச் சட்டை மாற்றப் போன சுக்யீ, கையை மடித்துவிட்டதும் கத்தினாள்.

"ஐயோ! என்னம்மா இது?!"

முழங்கைக்கு மேலே நீலமும் கறுப்புமாய் நாலைந்து கன்றல்கள்.

"எங்கயாச்சும் இடிச்சிருப்பேன்..." என்றார் மாமியார்.

"இத்தன எடத்துலயா?"

"அதான் சொல்றேன்ல... வலிக்கல. நீ சத்தம் போடாத."

வீட்டில் சண்டை வேண்டாம் என்று முழுங்கி முழுங்கிப் பேசுவது அவர் சுபாவம். அவர் முழுங்க முழுங்க, இங்கே மருமகளின் கழுத்தில் சுருக்கு இறுகியது.

"பயந்துகிட்டுப் பேசறாங்க பாரு! என்னடி பண்ண எங்கம்மாவ?"

"அக்கா! நாலு நாளாத்தான் இது தெரியுது. செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட காட்டலாம்னு..."

"கிள்ளுவ, அடிப்ப, அப்புறம் டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போவியா?"

லாய்குவான் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஹோங்வா ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க... நீங்களாச்சும் சொல்லுங்க!"

"அக்கா சும்மா கேக்கறாங்க. நீ ஏன் டென்ஷன் ஆவற?"

அவ்வளவுதான். லாய்குவான் உள்ளே போய்ப் பெட்டியில் நான்கு துணியை அடைத்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள், கண் கேட்கவில்லை. பெட்டியோடு வெளியே வந்தபோது, மாமியாரின் மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு, மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவள் அவள்தான்.

ஆஸ்பத்திரியில் மூக்கை அடைத்து, ரத்தத்தைச் சோதித்தார்கள். தாளைப் பார்த்த பெண் டாக்டரின் முகம் மாறியது.

"ரத்தம் தண்ணி மாதிரி இருக்கு! மாத்திரை கூடுதலா குடுத்தீங்களா?"

சுக்யீ உடனே நாத்தனாராய் நிமிர்ந்தாள். லாய்குவான் டப்பாவை நீட்டினாள். டாக்டர் எண்ணிப் பார்த்தார். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடறாங்களா?"

"இல்லவே இல்ல!" மகன், மகள், மருமகள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நாலு மாதமாக ஒவ்வொரு முறையும் சொன்ன அதே பதில்.

மாமியார் மெதுவாக மகளின் பையைக் காட்டினார். "சூப்பு ஆறுது..."

மகள் இந்த அமளியிலும் ஃபிளாஸ்க்கை விடாமல் தூக்கி வந்திருந்தாள். டாக்டர் மூடியைத் திறந்து மோந்தார். கரண்டியால் கிளறினார். பழுப்பாய் ஒரு வேர்த்துண்டு, சிவப்பாய் இன்னொன்று.

"இது என்ன?"

"சூப்பு டாக்டர். கோழி சூப்பு."

"கோழிக்கு வேர் முளைக்குமா?"

"தாங்குய் வேரும் தான்ஷென் வேரும்... ஆப்பரேஷன் ஆன ஒடம்பு, ரத்தம் ஓடட்டும்னு போன மாசத்துலேருந்து ரெண்டு மடங்கா போடறேன்."

"அம்மா தாயே! நான் நாட்டு மருந்தான்னு எத்தன வாட்டி கேட்டேன்?"

"மருந்துன்னா கசக்கும் டாக்டர்! இது சூப்பு!"

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மாத்திரை செய்ற வேலையவே இந்த வேரும் செய்யுது. ரெண்டும் சேந்தா தொட்டாலே கன்றும், ரத்தம் நிக்காது. தலைக்குள்ள கசிஞ்சிருந்தா? வேர் கெட்டதுன்னு சொல்லல. கீழ மூலிகைப் பிரிவு டாக்டர்கிட்ட உங்கள நானே அனுப்பறேன். ஆனா மாத்திரையையும் வேர்ப் பொட்டலத்தையும் ஒண்ணா எங்க ரெண்டு பேருக்கும் காட்டிட்டுச் சாப்பிடுங்க. சூப்பு, டீ, வேர் ஊறவச்ச சாராயம்... எல்லாந்தான்! பயந்துபோய் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

சுக்யீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நானா... எங்கம்மாவுக்கு நானா..."

நன்றாகக் கேட்டுவிடலாம் என்று லாய்குவானுக்கு நாக்கு துடித்தது. வந்தது வேறு.

"ஊட்டினது நான்தானே அக்கா. என்ன போட்டிருக்கீங்கன்னு அன்னிக்குக் கேட்டேனே... சொல்லியிருக்கலாம்ல?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இப்பவும் ஃபோனையே பாருங்க!"

அடுத்த ஞாயிறு மணி ஒரே ஒருமுறை, மெதுவாக அடித்தது. சுக்யீயின் கையில் ஃபிளாஸ்க் இல்லை. பச்சைக் கோழியும் பிரிக்காத ஒரு பொட்டலமும் இருந்தன.

"எதெது எவ்வளவுன்னு இதுல எழுதியிருக்கேன். டாக்டர் சரின்னு சொல்றத மட்டும் நீ போடு... இனிமே நீதான் வைக்கணும்."

அன்று வெறும் கோழியும் இஞ்சியும்தான். முதல் கிண்ணம் எப்போதும் மாமியாருக்கு. அவர் அதை வாங்கி, வாயில் வைக்காமல், நீலம் மங்கிக்கொண்டிருந்த கையால் மருமகளிடம் நீட்டினார்.

"சப்புன்னு இருக்கும்... இருந்தாலும் நீ மொதல்ல குடி. அன்னிக்கு நான் வாயத் தொறந்து 'இவ அடிக்கல'ன்னு சொல்லியிருக்கணும்டி."

லாய்குவான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள். கட்டிலடியில் இன்னும் பிரிக்காமல் கிடந்த பெட்டியை, ஹோங்வா யாரும் சொல்லாமலே எடுத்துத் துணிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினான்.