முகம் காட்டும் வாசல்

எழுநூற்று எண்பத்தொரு பவுண், நாற்பத்து நான்கு பென்ஸ். கவுன்சில் வரி கட்டாமல் விட்டதற்கு அருள்நேசனுக்குக் கோர்ட்டுக் கடிதம் வந்தபோது, கூட வேலை செய்த நிர்மலன் தன் கார்டில் கட்டிக் கொடுத்த தொகை. எழுதிக் கொடுத்த துண்டில்லை, சாட்சியில்லை. அந்த நிர்மலன், லண்டனில் ரொட்டி சுடும் பாண் பேக்டரியின் குளிரறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்து ஐந்து வாரமாகிவிட்டது. செத்தவீட்டில், அதே பேக்டரியில் வேலை செய்யும் அவனுடைய தம்பி டெனுசன், "அண்ணை ஆருக்கும் காசு குடுத்து வைச்சவரோ?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுவந்தான். அருள்நேசன் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "தெரியேல்லைத் தம்பி" என்றார்.

திருப்பிக் கொடுக்கவென்று சேர்த்த காசு வீட்டில்தான் இருந்தது, மடு மாதா படத்துக்குப் பின்னால், ஒரு உறையில்.

"குடுத்திடுங்கோவன்," என்றாள் மனைவி லூர்தம்மா.

"உன்னையும் என்னையும் விட்டா ஆருக்குத் தெரியும்?"

பேக்டரி வாசலில் ஒரு கறுப்புக் கண்ணாடி மெசின் உண்டு. முகத்தைக் காட்டினால் பச்சை எரியும், பெயர் விழும், அதற்குப் பிறகுதான் சம்பளம் ஓடும். திங்கட்கிழமை அருள்நேசன் காட்டினார். பச்சை எரிந்தது. நிர்மலன் என்று விழுந்தது.

ஒபிஸில் போய்ச் சொன்னபோது, பெயர்ப் பதிவு பார்க்கும் றொஷானி சிரித்தாள். "அவற்ற பேரை நான் போன மாசமே அழிச்சிட்டன், அங்கிள். நித்திரை வெறியில மாறி வாசிச்சிருப்பியள்."

பாண் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போன டெனுசன் நின்றான். "என்ன நேசண்ணை, மெசினுக்கு முகம் காட்டவும் கூச்சமோ?"

அப்போதே அருள்நேசனுக்கு விளங்கிவிட்டது. இவன் செய்கிற வேலைதான். எங்கேயோ மோப்பம் பிடித்துவிட்டான், வெருட்டிக் காசு கறக்கப் பார்க்கிறான். ஒரு சதம் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினார்.

செவ்வாயும் அதே பெயர். புதன்கிழமை பெயருக்குப் பின்னால், கண்ணாடியில் தெரிந்த தன் இடது புருவத்தில் ஒரு வெட்டைக் கண்டார். இரும்புத் தட்டு விழுந்து நிர்மலனுக்கு வந்த வெட்டு அது. தடவிப் பார்த்தார். விரலில் தழும்பு தட்டியது.

வியாழன், பாண் சுடும் போறணையின் அனல் முதுகில் அடிக்க, புளித்த மாவின் மணம் மூக்கில் ஏற, தட்டுகள் கடகடவென்று ஓடும் சத்தத்துக்கு நடுவே, நிர்மலன் இருமுவதுபோல இரண்டு வறட்டு இருமல் பக்கத்தில் கேட்டது. திரும்பினார். ஒருவரும் இல்லை. மறுபடி கேட்டது. அவருடைய தொண்டையிலிருந்துதான் வந்தது.

வெள்ளி. வேலை முடிந்து வெளியேறும்போது பச்சை எரிந்தது. செத்தவனின் பெயர். எதிரே வந்த டெனுசனின் கையிலிருந்து தட்டுகள் சரிந்தன. அவன் இரண்டடி பின்னால் போனான்.

"அண்ணை... நீயோ?"

நடிப்பில்லை. அந்தப் பயத்தை நடிக்க ஏலாது.

அருள்நேசன் ஓடினார். கொடுத்துவிடலாம். இன்றைக்கே, இப்போதே. பஸ் ஜன்னலில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கம், ரெய்னர்ஸ் லேனில் இறங்கியபோது மணி நான்குதான், ஆனால் குளிர்காலம், இருட்டிவிட்டது. திறப்பைப் போட்டுத் திருகினார். உள்ளே சங்கிலி கொழுவியிருந்தது.

"லூர்து. அந்த உறையை எடு."

குரல் அவருடையதில்லை.

நாலு விரல் இடைவெளியில் அவளுடைய ஒரு கண். வாசல் விளக்கு எரிந்தது. அவள் கத்தவில்லை. சிலுவை போட்டாள்.

"நிர்மலண்ணை," என்றாள் மெல்ல, "அவர் இன்னும் வேலையால வரேல்லை."

"நான்தான்..."

இருமல். இரண்டு தரம்.

கண் மறைந்தது. காலடிகள். பிறகு சங்கிலிக்குக் கீழே உறை நீண்டது.

"சதம் குறையாமல் கிடக்கு. கொண்டு போங்கோ. இனி என்ர மனிசனை விட்டிடுங்கோ."

வாங்காதே, வாங்கினால் நீ நிர்மலன்தான் என்று நினைத்தார். கை நீண்டது. வாங்கியது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது. "குடுத்தாச்சு, மாதாவே," என்று அவள் பெருமூச்சு விடுவது கேட்டது.

வாசல் விளக்கு அணைந்தது.